பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடனை அடைப்பது எப்படி? எங்கள் வீட்டு நோட்டுக் கணக்கு

2022 ஜூலையில், ஆனி கடைசி வாரம், வீட்டுக்காரரின் அம்மா மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்தார்கள். மகன் பிறந்து நாலு மாதம். மகளுக்கு நாலரை வயது. நாங்கள் இருப்பது மதுரை வில்லாபுரத்தில், 4,500 ரூபாய் வாடகை வீடு. அவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் டர்னர். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அன்று காலை பத்து மணிக்குள் மூன்று பேர் வாசலில் பணத்துக்கு வந்து நின்றுவிட்டுப் போனார்கள். அத்தை எதுவும் பேசவில்லை. சாயங்காலம் பாப்பாவின் பழைய ரூல் நோட்டு ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, "ஏத்தா, மொத்தம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவராலும் முடியவில்லை.

அத்தை களஞ்சியம் குழுவில் பல வருடம் இருந்தவர்கள். அதே களஞ்சியத்தில் தலைவியாக இருந்த, அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். 2001-ல் டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் பெண்கள் தங்களுக்குள் சேர்த்த பணத்திலேயே கடன் கொடுத்து வாங்கிக்கொள்ளும் குழுக்கள் அவை. அங்கே உட்கார்ந்து பழகியவர்களுக்கு நோட்டு இல்லாமல் பணத்தைப் பற்றிப் பேசவே வராது. அன்றைக்கு அத்தை போட்டுக் கொடுத்த கோடுகளில்தான் இருபத்தெட்டு மாதம் கணக்கு எழுதினோம். 2024 நவம்பரில் கடைசி நகை வீட்டுக்கு வந்தது. எங்கள் நிலைமையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று, செய்ததைச் செய்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒரு ராத்திரி

பிள்ளைகள் தூங்கிய பிறகு இரண்டு பேரும் உட்காருங்கள். ஒருவர் மட்டும் எழுதும் கணக்கு எப்போதும் குறையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிரசவத்துக்கு வாங்கிய பணம் "தெரிஞ்சவர்கிட்ட கைமாத்து" என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். அன்று ராத்திரிதான் அது நூற்றுக்கு மாதம் அஞ்சு ரூபாய் வாங்கும் அஞ்சு வட்டி என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பச்சை உடம்புக்காரியிடம் எப்படிச் சொல்வது என்று பயந்திருக்கிறார். அத்தை, "சண்டைய நாளைக்குப் போடுங்க, இன்னைக்கு எழுதுங்க" என்றார்கள். அதையேதான் உங்களுக்கும் சொல்கிறேன். யார் வாங்கியது, ஏன் வாங்கியது என்ற பேச்சை அன்று எடுக்காதீர்கள். எடுத்தால் பாதிக் கடன் நோட்டுக்கு வராது.

நாங்கள் எழுதியது இது. அஞ்சு வட்டிக்கு வாங்கியது 40,000. தினம் நூறு ரூபாயாகக் கட்டும் தண்டலில் பாக்கி 6,000. வீதியில் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய குழுக் கடனில் என் பாக்கி 28,700. அஞ்சு பவுன் அடகில் 1,20,000. பைக் தவணை மாதம் 2,450, இன்னும் ஒன்பது மாதம், ஆக 22,050. நாத்தனார் வீட்டில் வாங்கிய கைமாற்று 30,000. மளிகைக் கடைப் பற்று 4,300. மொத்தம் 2,51,050 ரூபாய்.

அவர் கைக்கு வருவது 18,500. என் தையலில் 6,000 முதல் 7,500 வரை. மாதம் 25,000 என்று வைத்துக்கொண்டோம். அதில் 11,365 ரூபாய் கடனுக்கும் வட்டிக்குமே போய்க்கொண்டிருந்தது. குழுக் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டுவது வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது அது. நாங்கள் அந்தப் பாதியை நெருங்கிக்கொண்டு நின்றோம். வாடகை போக மிஞ்சிய 9,135-ல் பால், கேஸ், கரண்ட், பெட்ரோல், போன், பாப்பாவின் பள்ளிக்கூட வேன் எல்லாம் போனால், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் 3,600 சொச்சம்தான். நாலு பேருக்கு அது எப்படிப் போதும்? பற்றாததை மளிகைக் கடைப் பற்றிலும் தண்டலிலும் இட்டு நிரப்பியிருக்கிறோம். கடன் ஏன் குறையவில்லை என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய்

ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு பாஷை பேசும். ஒன்று வருடத்துக்கு 24 சதவீதம் என்கும், ஒன்று அஞ்சு வட்டி என்கும், ஒன்று நாளைக்கு நூறு என்கும். எல்லாவற்றையும் ஒரே பாஷைக்கு மாற்றுங்கள். அத்தை சொன்னது, "நூத்துக்கு மாசம் எத்தன ரூவான்னு போடு." வருடச் சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் அது வந்துவிடும். 24 சதவீதம் என்றால் ரெண்டு ரூபாய். 9 சதவீதம் என்றால் முக்கால் ரூபாய்.

தண்டலுக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் கொடுப்பது 8,500. தினம் நூறு வீதம் நூறு நாளில் பத்தாயிரம் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் மறுநாளே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுவதால், நூறு நாளையும் சேர்த்துப் பார்த்தால் நம் கையில் இருப்பது சராசரியாகப் பாதி, 4,250 ரூபாய். அந்த 4,250-க்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் வருகிறது. இதை எழுதிப் பார்த்தபோது அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை நாலு தண்டல் வாங்கி முடித்திருந்தோம்.

இப்படி மாற்றியதும் வரிசை கிடைத்தது. தண்டல் பத்து ரூபாய். தெரிந்தவர் அஞ்சு ரூபாய். குழுக் கடன் ரெண்டு ரூபாய். நகை வைத்திருந்த தனியார் கம்பெனி ஒன்றரை ரூபாய், தேதி தவறினால் அதற்கும் மேல். பைக் அதைவிடக் குறைவு. நாத்தனார் வீட்டுப் பணத்துக்கு வட்டியே இல்லை.

இதில் நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. அதிகம் பயந்தது குழுக் கடனுக்குத்தான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், வீதியே பார்க்கும். அதனால் எப்பாடுபட்டாவது அதை முதலில் கட்டிவிடுவேன். அஞ்சு வட்டிக்காரர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. மாதம் 2,000 கொடுத்தால், "நல்லா இரும்மா" என்று வாங்கிக்கொண்டு போவார். முதலை அவர் கேட்டதே கிடையாது. அந்த நல்ல வார்த்தையில் நாங்கள் மயங்கிவிட்டோம். முதலைக் கேட்காதவரிடம்தான் மாதா மாதம் அதிக வட்டி போய்க்கொண்டிருந்தது. யார் சத்தம் போடுகிறார்கள் என்று பார்த்துப் பணம் கட்டாதீர்கள். குறைந்தபட்சத் தவணையை எல்லோருக்கும் தேதி தவறாமல் கட்டிவிட்டு, மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயையும் நூற்றுக்கு அதிகம் கேட்கும் கடனுக்குக் கொண்டுபோங்கள்.

தண்டல் மட்டும் இந்த வரிசைக்கு விதிவிலக்கு. அதை முன்கூட்டியே கட்டினாலும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள். அதனால் மீதி அறுபது நாளும் நூறு நூறாகவே ஓட விட்டோம். முடிந்த அன்று அந்தத் தம்பி வழக்கம்போல, "அக்கா, அடுத்தது எழுதிரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஒரு வேண்டாம்தான் மாதம் 3,000 ரூபாயை மீட்டுக் கொடுத்தது.

அடகு மாற்றிய கதை

ஆகஸ்டில் நகையைத் தனியார் கம்பெனியிலிருந்து வங்கிக்கு மாற்றினோம். ஒன்றரை ரூபாய் வட்டி முக்கால் ரூபாயாக இறங்கியது. மாதம் 1,800 கட்டிய இடத்தில் 900. கேட்க எளிதாக இருக்கிறது, செய்வதில்தான் சிக்கல். முதலில் 1,20,000 ரூபாயை ரொக்கமாகக் கட்டினால்தான் நகை கைக்கு வரும். அந்தப் பணத்துக்கு எங்கே போவது?

என் அண்ணன் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். அவர் தன் முதலாளியிடம் சொல்லி ஒரு நாளைக்கு மட்டும் பணம் புரட்டிக் கொடுத்தார். காலையில் நகையைத் திருப்பி, மத்தியானத்துக்குள் வங்கிக்குக் கொண்டுபோய், சாயங்காலம் கணக்கில் பணம் ஏறி, மறுநாள் விடியற்காலை மார்க்கெட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். இப்படிச் செய்வதானால் இரண்டு விஷயத்தை முன்னாலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். வங்கியில் எந்தக் கிழமை நகை மதிப்பீட்டாளர் வருகிறார், பவுனுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல் வைத்த தோடு, அட்டிகை இருந்தால் கல்லின் எடையைக் கழித்துவிடுவார்கள். அந்தக் குறைச்சலுக்குக் கையில் கொஞ்சம் பணம் வேண்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. எல்லா நகையையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள். கம்பெனியில் நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம். ஒரு தோட்டைத் திருப்ப வேண்டுமென்றாலும் முழுப் பணமும் வேண்டும். வங்கியில் மூன்று ரசீதாகப் போடச் சொன்னோம். மூன்று பவுன் சங்கிலிக்கு 72,000, ஒரு பவுன் வளையலுக்கு 24,000, ஒரு பவுன் தோட்டுக்கு 24,000. சின்ன ரசீது சீக்கிரம் முடியும். ஒரு நகை வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்த ஏழெட்டு மாதம் சிக்கனமாக இருக்க அதுவே தெம்பு கொடுக்கும்.

இன்னொன்று. 2021-ல் கூட்டுறவுச் சங்கங்களில் அஞ்சு பவுன் வரை வைத்த நகைக் கடனை அரசு தள்ளுபடி செய்தது. அதிலிருந்து, "அடுத்த தேர்தலுக்குத் தள்ளுபடி வரும்" என்று வட்டி கட்டாமல் காத்திருப்பவர்களை எங்கள் வீதியிலேயே பார்க்கிறேன். வேண்டாம். வட்டி ஏறிக்கொண்டே போய் நகை ஏலத்துக்குப் போனால் எந்தத் தள்ளுபடியும் அதைத் திருப்பித் தராது.

பாப்பாவின் சங்கிலி

அஞ்சு வட்டி 40,000-ஐ எப்படி அடைப்பது என்று இரண்டு மாதம் மருகினோம். மிச்சம் பிடித்துக் கொடுப்போம் என்றால் வட்டிக்காரர், "கொடுத்தா மொத்தமாக் குடுங்க, அஞ்சு பத்தாக் கொடுத்தா எனக்கு ஆகாது" என்றார். இதை நீங்களும் வட்டிக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அசலில் பாதி கொடுத்தால் மீதிக்கு மட்டும் வட்டி போடுவாரா, மாட்டாரா? போடுவார் என்றால் கையில் ஐயாயிரம் சேரும்போதெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் அடகுக்குப் போகாமல் இருந்தது ஒரே ஒரு நகை. மகளின் காதுகுத்துக்கு என் அண்ணன் தாய்மாமன் சீராகப் போட்ட ஒரு பவுன் சங்கிலி. அதை விற்பதை நினைத்தாலே எனக்குத் தொண்டையை அடைத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்டோபர் வரை ஏழு மாதத்தில் 14,000 ரூபாய் வட்டியாகவே போயிருந்தது, முதல் அப்படியே நின்றது. இன்னும் ஒன்றரை வருடம் போனால் வட்டி மட்டும் 50,000. பீரோவில் சங்கிலி சும்மா கிடக்க, வட்டியாக ஒரு சங்கிலிக்கு மேலேயே போய்விடும்.

அண்ணனிடம் சொல்லாமல் விற்கக் கூடாது என்று நேரில் போனேன். "தங்கச்சி, நான் போட்டது கழுத்துல கெடக்கவா? கஷ்டத்துக்கு ஆகட்டும்னுதான போட்டேன். வித்துட்டு மொதல்ல அவன் வாசல விட்டு வெளிய வாங்க" என்றார். மதினிதான் அதற்கும் மேல் ஒன்று சொன்னார்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருந்தார்களாம், எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கிய கடையிலேயே பில்லோடு கொடுத்தால் கழிவு குறையும் என்றார்கள். 35,800 கிடைத்தது. தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட் கூலியில் 4,200 போட்டு, பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் 40,000-ஐயும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குப் பிறகு தங்கம் விலை ஏறியது உண்மை. அதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அஞ்சு வட்டி ஓடும் வீட்டில் சும்மா கிடக்கும் நகையை விற்கலாம்.

பணம் கொடுக்கும்போது ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். கையெழுத்துப் போட்ட புரோநோட்டு, வெற்றுக் காசோலை, முத்திரைத்தாள் என்று எதைக் கொடுத்திருந்தாலும் அதைக் கையில் வாங்கிய பிறகு எழுந்திருங்கள். "வீட்ல இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றால், பணத்தையும் அப்புறமே கொடுங்கள். எங்களிடம் அவர் உடனே கொடுத்துவிட்டார். ஆனால் என் தையல் வாடிக்கையாளர் ஒருவர், அடைத்த கடனுக்கு மறுபடி புரோநோட்டைக் காட்டிக் கேட்டார்கள் என்று அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

மிரட்டல் வந்தால் தனியாகத் தாங்கிக்கொண்டு உட்காராதீர்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டி தடைச் சட்டம் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை உண்டு. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். குழுக் கடன் வசூலுக்கு வருபவர்கள் காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பின்னாலும் தொல்லை கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. 2017-ல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் பிள்ளைகளோடு தீக்குளித்த குடும்பத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கை நடுங்குகிறது. எந்தக் கடனும் பிள்ளைகளை விடப் பெரியது கிடையாது.

சுருக்குப்பைகள்

கடனை அடைக்க வேண்டும் என்ற வெறியில் பிள்ளைகள் சாப்பாட்டில் கை வைத்துவிடுவோம். முதல் மாதம் நானும் பாலைக் குறைத்தேன். அத்தை கேள்விப்பட்டு போனிலேயே சத்தம் போட்டார்கள். அன்றிலிருந்து வரிசையை மாற்றினோம். சம்பளம் ஏழாம் தேதி வந்ததும் முதலில் பால், மருந்து, வாடகை. பிறகு கடன் தவணை. பிறகுதான் மற்றதெல்லாம்.

வெட்டுத் துணியில் ஐந்து சுருக்குப்பை தைத்தேன். பாலுக்கும் மருந்துக்கும் ஒன்று, மளிகைக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, செய்முறைக்கு, அதாவது மொய்க்கு, ஒன்று. போனில் இருக்கும் பணம் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேன் பண்ணப் பண்ணப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் வீட்டுச் செலவுக்கான பணத்தை ஏழாம் தேதியே ரொக்கமாக எடுத்துவிடுவோம். காய்கறிப் பையை மட்டும் நாலாகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பங்கு என்று வைத்தேன். மூன்றாம் வாரப் பங்கு வெள்ளிக்கிழமையே தீர்ந்தால், சனி ஞாயிறு இருப்பதை வைத்துக் குழம்பு.

தவணைப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஒருமுறை பைக் தவணைக்கு 300 ரூபாய் குறைவாக இருந்ததால் தவணை திரும்பி, 590 ரூபாய் அபராதம் கட்டினோம். இரண்டு நாள் தையல் கூலி அது.

செலவு குறைந்த இடங்கள் இவை. ரேஷன் அரிசியை வாங்கி விற்பதை நிறுத்திவிட்டு இட்லி தோசைக்கு அதையே ஊற வைத்தேன். உளுந்து நன்றாக இருந்தால் இட்லி மெத்தென்று வருகிறது. துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் 25 ரூபாய், இரண்டையும் ஒரு மாதம்கூட விடவில்லை. மளிகையை வீதிக் கடையில் பற்றில் வாங்காமல், மாதம் ஒரு தரம் கீழமாசி வீதிக்குப் போய் ரொக்கத்துக்கு வாங்கினோம். பற்றில் வாங்கும்போது விலையைக் கேட்கவே வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தையே இதுதான், 1999 நவம்பரில் திறந்தது. வில்லாபுரத்திலிருந்து தூரம்தான், ஆனால் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் எனக்குக் கட்டுபடியானது. கரண்ட் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம், அதற்கு மேல் போவதைப் பாதி பாதியாக இரண்டு மாதமும் எடுத்து வைத்தால் பில் வரும் மாதம் இடிக்காது. அவருக்கு இ.எஸ்.ஐ. இருப்பதால் பிள்ளைகளின் சளி காய்ச்சலுக்கு அங்கேயே போகப் பழகிக்கொண்டோம். காத்திருக்க வேண்டும், ஆனால் மருந்துக்குக் காசு இல்லை.

பள்ளிக்கூடம்தான் பெரிய முடிவு. 2023 ஜூனில் பாப்பாவை ஒன்றாம் வகுப்புக்கு மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தோம். சொந்தக்காரர்கள் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நான் நேரில் போய் டீச்சரைப் பார்த்துப் பேசி, வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் தொடங்கி வைத்ததே எங்கள் மதுரையில்தான். அடுத்த வருடம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலையில் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஓடுகிற எனக்கு, பாப்பா பள்ளிக்கூடத்தில் சூடாகப் பொங்கலும் கிச்சடியும் சாப்பிடுகிறாள் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! மாதம் 1,200 ரூபாய் மிச்சமும் ஆனது. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் வந்தது. அதை நான் செலவுக்கு எடுக்கவே இல்லை, வந்த அன்றே அடகுக்குக் கட்டிவிடுவேன்.

செய்முறை நோட்டு

மதுரைப் பக்கத்தில் கடனைப் பற்றிப் பேசுபவர் மொய்யைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் கடனுக்கே விதை 2021 மாசியில் குலசாமி கோயிலில் கிடா வெட்டி வைத்த காதுகுத்துதான். செலவு 1,10,000. மொய் வந்தது 58,000. "பாதிக்கு மேல வந்திருச்சு" என்று சந்தோஷப்பட்டோம். அது வரவு கிடையாது, வட்டியில்லாக் கடன். எந்த மாதம் திருப்பிக் கேட்கும் என்று தெரியாத கடன். தை மாதம் மூன்று பத்திரிகை சேர்ந்து வந்தால் நாலாயிரம் ரூபாய் பறந்துவிடும். நாங்கள் வாங்கிய நாலு தண்டலில் இரண்டு செய்முறைக்காக வாங்கியவை.

அதனால் மொய் நோட்டையும் கடன் நோட்டோடு சேருங்கள். யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள், அவர்கள் வீட்டில் அடுத்த விசேஷம் எது, ஏறத்தாழ எந்த மாதம் என்று மூன்று கோடு போட்டு எழுதுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் விசேஷம் இருக்காது. அந்த மாதங்களில் செய்முறைப் பையில் அதிகமாகப் போடுங்கள். மற்ற மாதம் நாங்கள் 500 போட்டோம். செய்தவர்களுக்கு, செய்ததைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்வதுதான் முறை. ஐந்நூறு வாங்கியிருந்தால் அறுநூறு செய்தோம், ஆயிரமாக ஏற்றவில்லை. நமக்குச் செய்யாதவர்கள் பத்திரிகை வைத்தால் நேரில் போய் வேலை செய்து கொடுத்துவிட்டு வந்தேன். பந்தி பரிமாறினேன், மணப்பெண்ணின் தோழிகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். யாரும் குறையாக நினைக்கவில்லை. மகனுக்குக் காதுகுத்தைக் கோயிலில் மொட்டை போட்டு, இரண்டு வீட்டு ஆட்களோடு மட்டும் முடித்துக்கொண்டோம்.

விடுபட்ட பணத்தை விடாமல் பிடிப்பது

தண்டல் முடிந்ததில் 3,000, அஞ்சு வட்டி முடிந்ததில் 2,000, அடகு மாற்றியதில் 900. ஆக மாதம் 5,900 ரூபாய் கையில் நின்றது. இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கொஞ்சம் மூச்சு வந்ததும் டிவி, புதுப் போன் என்று அடுத்த தவணை வந்துவிடும். ஒரு கடன் முடிந்தால் அதற்குக் கட்டிய பணத்தை அடுத்த மாதமும் கட்டுவதாகவே நினைத்து அடுத்த கடனுக்குத் தள்ளுங்கள்.

முதலில் மளிகைப் பற்றை அடைத்தோம். அடுத்து தபால் ஆபீஸ் கணக்கில் ஐயாயிரம் சேர்த்து அதைத் தொடாமல் வைத்தோம். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று அவர் கேட்டார். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால் தண்டல்காரர் ஞாபகம் வரக் கூடாது, அதற்குத்தான். 2023 ஜனவரியிலிருந்து மூன்று மாதம் சேர்த்து, மார்ச்சில் குழுக் கடனில் மீதியிருந்த 15,500-ஐ ஒரே தடவையில் கட்டி முடித்தேன். முன்கூட்டியே அடைத்தால் இந்தக் கடனுக்கு அபராதம் வாங்கக் கூடாது. கணக்கு முடிந்ததற்கு எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பைக் முடிந்தது, ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவை நீக்கவும் மறக்கவில்லை. இப்போது மாதம் 10,465 ரூபாய் கையில்.

வரிசைப்படி அடுத்தது முக்கால் ரூபாய் வட்டி அடகுதான். ஆனால் நாத்தனார் மகள் பெரியவளாகும் வயது. எந்த நேரமும் விசேஷம் வரும். வட்டி இல்லாமல் கொடுத்தவர்களைக் கேட்க வைக்கக் கூடாது. மே முதல் ஜூலைக்குள் அந்த 30,000-ஐக் கொடுத்துவிட்டோம். ஒரு ரூபாய் வட்டிகூட மிச்சமாகாத இடத்தில் முதலில் கட்டியது இது ஒன்றுதான். அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் பதினாறு மாதம் அடகு. முழுசாகப் பத்தாயிரம் கட்டிய மாதங்கள் குறைவு. வாடகை ஏறியது, டிசம்பரில் மகனுக்குக் காய்ச்சல் வந்து ஐயாயிரமும் கரைந்தது, அதை மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் 6,000, ஒரு மாதம் 9,000 என்று சராசரியாக 7,500 கட்டினோம். முதலில் தோடு வந்தது, பிறகு வளையல், 2024 நவம்பரில் சங்கிலி. வங்கியிலிருந்து நேரே மாட்டுத்தாவணிக்குப் போய் அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

நோட்டு இப்போதும் ஓடுகிறது. கடன் எழுதிய பக்கங்களுக்குப் பின்னால் பாப்பா பேரில் செல்வமகள் கணக்குத் தொடங்கிய தேதி இருக்கிறது. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், வருடத்துக்கு 250 ரூபாய் போட்டால்கூடப் போதும். அவர் பேரிலும் என் பேரிலும் வங்கியில் வருடத்துக்கு 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் பிடிக்கிறார்கள். அதற்கு அடுத்த பக்கம், பாப்பாவுக்கு ஒரு பவுன் சங்கிலி. அதற்கு மாதம் ஆயிரம் ரூபாய் தனியாகப் போகிறது. ஆறாவது சுருக்குப்பை சிவப்பு நிறம், பாப்பாவே துணி எடுத்துக் கொடுத்தாள்.